பலிபீடத்துச் சாம்பலும் கடைத் தராசும்: ‘வாழ்க்கையே ஆராதனை’ என்பதன் பொருள்

சபை வாசல் பலகையில் ‘ஞாயிறு ஆராதனை காலை 8.30’ என்று எழுதியிருக்கும். உள்ளே போனால், பாடல் வேளையை மட்டும் பிரித்து ‘இப்போது ஆராதனை நேரம்’ என்று அறிவிக்கும் வழக்கம் பல சபைகளில் வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் ஆராதனை முடிந்தது. பிரசங்கம் வேறு, காணிக்கை வேறு. அதே பிரசங்க பீடத்திலிருந்து ‘நம் வாழ்க்கையே ஆராதனையாக இருக்க வேண்டும்’ என்ற செய்தியும் வருகிறது. கேட்கிறவர் எதை எடுத்துக்கொள்வது? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது இந்தக் கேள்வி கூர்மையானது. ஆராதனை நின்றுவிட்டதா, வீட்டுக்குள் வந்துவிட்டதா என்று கேட்டவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

இந்தப் பேச்சுக்கெல்லாம் அடிப்படை வசனம் ரோமர் 12:1. சரீரத்தை ‘ஜீவபலியாக’ ஒப்புக்கொடுப்பதே ‘நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை’ என்று அப்போஸ்தலராகிய பவுல், ரோமாபுரிச் சபைக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் சொல்கிறார். வசனம் பலருக்கு மனப்பாடம். அதிலுள்ள பலி, சரீரம், ஆராதனை என்ற மூன்று சொற்களும் எதைக் குறித்தன என்று பார்த்தால்தான், திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்பது விளங்கும்.

முதலில் சொற்கள்

‘ஆராதனை’ என்ற தமிழ்ச் சொல் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஒரே பொருள் தருவதில்லை. சீர்திருத்த சபைகளில் அது ஞாயிறு கூடுகை. கத்தோலிக்கர் கூடுகையைத் திருப்பலி என்றும் வழிபாடு என்றும் சொல்வார்கள். ‘நற்கருணை ஆராதனை’ என்பது நற்கருணையின் முன் முழந்தாளிட்டிருக்கும் தனி வழிபாடு. பெந்தெகொஸ்தே சபைகளில் பாடலும் துதியுமே பெரும்பாலும் ஆராதனை. வேதாகமத்தின் மூல மொழிகளில் இதற்கு நான்கு முக்கியச் சொற்கள் உண்டு.

1. அவாத் (எபிரெயம்). உழைப்பதும் சேவிப்பதும் வழிபடுவதும் இந்த ஒரே வினைச்சொல்தான். ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ ஆதாம் வைக்கப்பட்டான் (ஆதியாகமம் 2:15). அங்கே ‘பண்படுத்த’ என்பது அவாத். ‘ஆறு நாளும் வேலை செய்’ என்ற கட்டளையிலும் (யாத்திராகமம் 20:9) அதே சொல். ‘இந்த மலையில் தேவனுக்கு ஆராதனை செய்வீர்கள்’ என்று மோசேக்குச் சொல்லப்பட்டதிலும் (3:12) அதே சொல். எகிப்தில் செங்கல் அறுத்த கொத்தடிமை வேலைக்கும் (1:14) இதன் பெயர்ச்சொல்லான அவோதாதான். யாத்திராகமத்தை இந்தச் சொல்லோடு படித்தால், வேலையிலிருந்து வழிபாட்டுக்குப் போன கதையாக அது தெரிவதில்லை. எகிப்தின் அரசனான பார்வோனுக்குச் செய்த அவோதாவிலிருந்து கர்த்தருக்குச் செய்யும் அவோதாவுக்கு, அதாவது எஜமான் மாறிய கதையாகத் தெரியும்.

2. லத்ரேயா (கிரேக்கம்). கடவுளுக்குச் செய்யும் பணி. எபிரெய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், மேற்சொன்ன யாத்திராகமம் 3:12-இல் இதன் வினைச்சொல்தான் இருக்கிறது. ரோமர் 12:1-இல் ‘ஆராதனை’ என்று வருவதும் இதுவே.

3. ப்ரொஸ்கூனேஓ. உடல் தரையில் பட விழுந்து பணிதல். சமாரியப் பெண்ணோடு இயேசு பேசும் பகுதியில் (யோவான் 4:20-24) ‘தொழுதுகொள்ளுதல்’ என்று வருவது இது. விழுந்து பணிய ஓர் இடம் வேண்டும்; அதனால்தான் அந்தப் பெண் ‘இந்த மலையா, எருசலேமா’ என்று கேட்கிறாள். இயேசு இடத்தைச் சொல்லாமல் ‘ஆவியோடும் உண்மையோடும்’ என்று பதில் தருகிறார்.

4. லெயித்தூர்கியா. கிரேக்க நகரங்களில் வசதியுள்ள குடிமக்கள் தம் செலவில் செய்த பொதுப்பணி: போர்க்கப்பல் ஒன்றைப் பராமரிப்பது, விழாவுக்கு நாடகக் குழுவை நடத்துவது போன்றவை. பின்னாளில் ‘திருவழிபாடு’ என்ற பொருளைத் தாங்கியது இந்தச் சொல்தான்.

இந்தச் சொற்கள் சபைக் கூடுகையைக் குறிக்கும் இடங்கள் புதிய ஏற்பாட்டில் மிகச் சில. அந்தியோகியாவில் ‘கர்த்தருக்கு ஆராதனைசெய்து, உபவாசித்துக்கொண்டிருக்கிறபோது’ என்ற அப்போஸ்தலர் 13:2 அவற்றில் ஒன்று. மற்றபடி ஏழைகளுக்கு அனுப்பிய பணம், சுவிசேஷப் பணி, வரி வாங்கும் அதிகாரி என்று எதிர்பாராத இடங்களில் இவை வருகின்றன.

பலிபீடத்தில் என்ன நடந்தது

‘பலி’ என்றதும் இழப்பும் வலியும் நமக்கு நினைவுக்கு வரும். பவுல் வளர்ந்த சூழலில் பலி என்பது ஒரு செய்முறை. அளவும் வரிசையும் உள்ள அன்றாட வேலை.

நாள்தோறும் இரண்டு ஒருவயது ஆட்டுக்குட்டிகள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொன்றோடும் எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு (2 லிட்டருக்குச் சற்று மேல்), ஹின் அளவில் கால்பங்கு எண்ணெய் (லிட்டருக்குச் சற்றுக் குறைவு), அதே அளவு திராட்சரசம் (யாத்திராகமம் 29:38-41). சர்வாங்க தகனபலி கொண்டுவந்தவர் மிருகத்தின் தலையில் கை வைக்க வேண்டும். தோலை உரித்து, சந்துசந்தாகத் துண்டித்து, குடல்களையும் தொடைகளையும் தண்ணீரால் கழுவி, எல்லாவற்றையும் எரிக்க வேண்டும் (லேவியராகமம் 1). மற்றப் பலிகள் பெரும்பாலானவற்றில் ஆசாரியருக்கோ கொண்டுவந்தவருக்கோ உண்ண ஒரு பங்கு உண்டு. இதில் தோலைத் தவிர எதுவும் மிஞ்சாது. தோல் ஆசாரியருக்கு (7:8). சரீரத்தை முழுமையாகப் பலியாக ஒப்புக்கொடுங்கள் என்று பவுல் சொல்லும்போது, படிக்கிற யூதருக்கு இந்தப் பலிதான் மனதில் எழுந்திருக்கும்.

பலரும் தாண்டிப்போகிற ஒரு விவரம் லேவியராகமம் 6:10-13-இல் இருக்கிறது. ஆசாரியன் காலையில் சணல்நூல் உடை உடுத்தி, முந்திய இரவு எரிந்த சாம்பலை எடுத்துப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்ட வேண்டும். பிறகு வேறு உடை மாற்றி, அந்தச் சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே சுமந்துபோக வேண்டும். நாள்தோறும் காலையில் புது விறகு அடுக்க வேண்டும். ‘பலிபீடத்தின்மேல் அக்கினி அவியக்கூடாது’ என்ற கட்டளை நிறைவேறியது இப்படித்தான், சாம்பல் அள்ளுவதாலும் விறகு அடுக்குவதாலும். பரிசுத்த ஸ்தலத்தின் வழிபாட்டிலேயே அடுப்படி வேலை ஒன்று கட்டளையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தராசும் கூலியும் அதே புத்தகத்தில்தான்

பலிகளின் முறைகளைச் சொல்லும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் வேறு திசைக்குத் திரும்பியதுபோலத் தோன்றும். ‘பரிசுத்தராயிருங்கள்’ என்று தொடங்கி, அது எப்படி என்று விவரிக்கிறது: வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காதே, சிந்திய கதிர் எளியவனுக்கும் பரதேசிக்கும் (9-10). கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது (13). தராசும் நிறைகல்லும் மரக்காலும் படியும் ‘சுமுத்திரையான’வையாக, அதாவது சரியான முத்திரை உள்ளவையாக இருக்கட்டும் (36). அயலானை நேசிக்கச் சொல்லும் புகழ்பெற்ற வசனம் (18) இந்தக் கூலிக்கும் தராசுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

குற்றநிவாரண பலியில் இரண்டும் ஒன்றாகவே கட்டப்பட்டுள்ளன (6:1-7). பிறரை ஏமாற்றிப் பொருள் எடுத்தவன் முதலைத் திருப்பித் தந்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். 10,000 ரூபாய் என்றால் 12,000. உடையவன் கைக்கு அது போவதும் பலி செலுத்துவதும் ஒரே நாளில். பணத்தைக் கொடுக்காமல் ஆட்டுக்கடாவை மட்டும் கொண்டுவந்தால் பலி நிறைவேறாது. காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5:23-24) இதே ஒழுங்கின் தொடர்ச்சி. ஏசாயா, ஆமோஸ், மீகா ஆகிய தீர்க்கதரிசிகள் பலியைக் கண்டித்தபோதும், கூலியும் தராசும் பொய்யான பின்பு பலி மட்டும் ஒழுங்காக நடந்ததையே கண்டித்தார்கள்.

‘புத்தியுள்ள ஆராதனை’

இப்போது ரோமர் 12:1-க்கு வருவோம். ‘புத்தியுள்ள’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘லோகிகே’. பகுத்தறிவு, சொல் இரண்டையும் குறிக்கும் ‘லோகோஸ்’ என்பதிலிருந்து வந்த சொல். திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இதை ‘உள்ளார்ந்த வழிபாடு’ என்கிறது. இரண்டும் பொருந்தும்: பலியாகும் ஆட்டுக்கு அறிவும் சம்மதமும் கிடையாது; இங்கே பலி தானே அறிந்து தன்னைக் கொடுக்கிறது.

ஆனாலும் ‘உள்ளார்ந்த’ என்றதும் இது மனத்தளவில் முடிகிற காரியம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க ‘சரீரங்கள்’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லின் கனம் தெரிய, அதே கடிதத்தில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாம் அதிகாரத்தில் மனிதனின் பாவத்தைச் சொல்ல, பவுல் சரீரத்தை உறுப்புறுப்பாக எடுக்கிறார் (3:13-18). தொண்டை திறந்த பிரேதக்குழி, நாவில் வஞ்சனை, உதட்டில் பாம்பின் விஷம், வாயில் சபிப்பு, இரத்தம் சிந்த விரையும் கால், தெய்வபயம் இல்லாத கண். ஆறாம் அதிகாரத்தில், அந்த அவயவங்களை நீதியின் ஆயுதங்களாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார் (6:13). அங்கே ‘ஒப்புக்கொடு’ என்று வரும் கிரேக்க வினைதான் 12:1-லும் வருகிறது. கெட்டுப்போனதாகக் காட்டிய அதே தொண்டையும் நாவும் காலும்தான் இப்போது பலிபீடத்துக்கு வருகின்றன.

இந்த ஆராதனை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது அடுத்த பக்கங்களில் தெரியும். வரம் பெற்றவர் போதிக்கட்டும், பகிர்ந்து கொடுப்பவர் வஞ்சனையில்லாமல் கொடுக்கட்டும். அந்நியரை உபசரியுங்கள். சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குச் சோறு போடுங்கள் (12:20). பிறகு வரி: அதை வாங்கும் அதிகாரிகளை ‘தேவஊழியக்காரர்’ என்கிறார் (13:6), அங்கே இருப்பது லெயித்தூர்கியாவோடு பிறந்த சொல். அடுத்து, ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் (13:8). நம் வீடுகளில் ‘ஊழியம்’ என்றால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் போவது. பவுலோ ரோமாபுரியின் வரி வசூலிப்பவருக்கு அந்தச் சொல்லைத் தருகிறார்.

சபை வரலாற்றில் இந்தக் கருத்து

6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கின் 31-ஆம் அதிகாரம், மடத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளர் சட்டி, பானை, கருவிகள் யாவற்றையும் பலிபீடத்தின் புனிதப் பாத்திரங்களைப்போல் கருத வேண்டும் என்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில், காலில் ஊனமுற்ற முன்னாள் படைவீரரான சகோதரர் லாரன்ஸ் சமையலறையிலும் பிறகு செருப்புத் தைக்கும் இடத்திலும் வேலை பார்த்தபடியே கடவுளின் சந்நிதியை உணர்ந்து வாழ்ந்தார். 1520-இல் மார்ட்டின் லூத்தர், துறவியின் செயலும் வயலில் உழுகிறவரின் செயலும் வீட்டுவேலை செய்யும் பெண்ணின் செயலும் கடவுள் பார்வையில் வேறுபடுவதில்லை என்று எழுதினார். 1964 நவம்பர் 21-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, திருச்சபை பற்றிய ஏட்டின் 34-ஆம் எண் பொதுநிலையினரின் (குருக்களும் துறவிகளும் அல்லாதவர்களின்) ஆன்மிகப் பலிகளைப் பட்டியலிடுகிறது: மன்றாட்டு, இல்லற வாழ்வு, அன்றாட உழைப்பு, உடலும் மனமும் இளைப்பாறுதல், பொறுமையோடு தாங்கும் துன்பம். இளைப்பாறுதலும் பட்டியலில் இருப்பது முக்கியம்; ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஒரு வேலை நாளில் இதைச் செய்யும் விதம்

1. காலையில் உறுப்புறுப்பாக ஒப்புக்கொடுத்தல். ஐந்து நிமிடம் போதும். ‘என்னை முழுவதும் தருகிறேன்’ என்று பொதுவாகச் சொன்னால் எதைக் கொடுத்தோம் என்று நமக்கே தெரியாது. பத்து மணிக்கு அது மறந்தும்போகும். அன்றைய வேலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய்: இன்று மதியம் கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் பேசவேண்டியது. கை: இன்று எழுதவேண்டிய பில். கண்: கைப்பேசித் திரை. கால்: மருத்துவமனையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போகவேண்டியது. முந்திய நாளின் சாம்பலை, அதாவது மிச்சமிருக்கும் கசப்பையோ மன்னிப்புக் கேட்காமல் விட்டதையோ, முதலில் எடுத்துவிட வேண்டும். சாம்பல் மூடினால் தீ மங்கும்.

2. மூன்று வேளை ஜெபம். ‘அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்’ என்கிறது 55-ஆம் சங்கீதம். சபையின் தொடக்கக் காலத்து எழுத்தான திதாக்கே, கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். கடிகாரத்தை நம்பினால் தவறிப்போகும். ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டினால் நிற்கும். கடை ஷட்டரைத் தூக்கும்போது, மதிய டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, வீட்டுக் கதவைப் பூட்டும்போது என்று வைத்துக்கொள்ளலாம்.

3. கூலியும் கணக்கும். வீட்டு வேலைக்கு வருகிறவர், கொத்தனார், துணி தேய்ப்பவர் ஆகியோருக்குச் சொன்ன நாளில் சொன்ன தொகை. தினக்கூலி என்றால் பொழுது இறங்குமுன் (உபாகமம் 24:15). ‘சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கொள்’ என்பது நமக்குச் சிறிய காரியம். அவர் வீட்டில் அது இரவுச் சாப்பாடு. அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார் (5:4). கடைக்காரருக்கு எடை, ரசீது, வரி. சம்பளக்காரருக்குக் கையெழுத்திட்ட நேரமும் உழைத்த நேரமும் ஒத்துப்போவது.

4. இரவில் சோதித்தல். இயேசு சபைத் துறவிகளின் நிறுவனரான இஞ்ஞாசியாரின் மரபில் இதற்கு ஐந்து படிகள்: நன்றி, தெளிவு வேண்டுதல், நாளை மணிமணியாகத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பலர் நேராக நான்காம் படிக்குப் போய்க் குற்றவுணர்வில் முடிப்பார்கள். நன்றியில் தொடங்காவிட்டால் இது நீதிமன்றமாகிவிடும். யாருக்காவது பொருள் நட்டம் செய்திருந்தால், தீர்மானத்தில் தொகையையும் தேதியையும் எழுத வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டி.

எங்கே பிழைபடுகிறது

முதல் பிழை, ‘எல்லாமே ஆராதனை என்றால் ஆலயம் எதற்கு?’ என்பது. இதற்குச் சற்று விரிவாகக் கடைசியில் வருவோம்.

இரண்டாவது, உழைப்பையே தெய்வமாக்குவது. ‘வேலையே ஆராதனை’ என்று சொல்லிப் பதினான்கு மணி நேரம் உழைப்பவர் கட்டளையின் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். ஆறு நாள் வேலை செய்யச் சொன்ன அதே கட்டளை ஏழாம் நாளை நிறுத்தச் சொல்கிறது. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லாருக்கும். உபாகமம் 5:15 அதற்குச் சொல்லும் காரணம்: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய். நிறுத்த முடியாத வேலை பார்வோனின் அவோதா.

மூன்றாவது பிழை வேதனையானது. ‘மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள்’ என்ற வசனத்தை (கொலோசெயர் 3:23) முதலாளிகளும் நிறுவனங்களும் சம்பளத்தைக் குறைக்கப் பயன்படுத்துவது. ‘இது ஊழியம்தானே, சம்பளம் பார்க்கலாமா?’ என்ற பேச்சு கிறிஸ்தவப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வரக்கூடாத பேச்சு. மூன்று வசனம் தள்ளி, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் (4:1) என்று எஜமான்களுக்கு எழுதியிருக்கிறது. முதல் வசனத்தை வேலைக்காரர் தமக்குச் சொல்லிக்கொள்ளலாம். எஜமான் தமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது இரண்டாவது.

வீட்டுவேலையிலும் இதே திரிபு நடக்கிறது. அடுப்படி ஆராதனை என்று பெண்களிடம் மட்டும் சொன்னால், அது சுமையைப் பரிசுத்த வார்த்தையால் மூடுவதாகும். கால் கழுவுவது அடிமை வேலையாக இருந்த காலத்தில், இயேசு சீலையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு ஆண்களின் கால்களைக் கழுவி, நீங்களும் ஒருவர் காலை ஒருவர் கழுவுங்கள் என்றார் (யோவான் 13). பாத்திரம் துலக்குவது ஆராதனை என்றால் அது வீட்டு ஆண்களுக்கும் ஆராதனையே.

நான்காவது, எந்த வேலையையும் ஜெபம் பண்ணிப் பரிசுத்தமாக்கிவிடலாம் என்று நினைப்பது. எபேசுவில் மந்திரவித்தைக்காரர் விசுவாசிகளானபோது தம் தொழிலை ‘கர்த்தருக்கென்று’ தொடரவில்லை. 50,000 வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களை எரித்தார்கள் (அப்போஸ்தலர் 19:19). கந்துவட்டியும் கலப்படமும் மாவும் எண்ணெயும் படைக்கும் போஜனபலிக்கு வந்த புளித்த மாவைப்போல; எவ்வளவு எண்ணெய் வார்த்தாலும் பலிபீடத்துக்கு ஆகாது (லேவியராகமம் 2:11).

அப்படியானால் ஞாயிறு எதற்கு

சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது (10:25). அதே நிருபம், துதியாகிய உதடுகளின் கனியையும், நன்மை செய்வதையும் தானதர்மத்தையும் அடுத்தடுத்த வசனங்களில் பலி என்கிறது (13:15-16). பாட்டும் பங்கீடும் ஒரே மூச்சில் வருகின்றன.

2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். நேரம் இருக்கும்வரை அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகளின் எழுத்துகளை வாசிக்கிறார்கள். தலைவர் அறிவுரை சொல்கிறார். எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள். அப்பமும் ரசமும் பகிரப்படுகின்றன. வராதவர்களுக்கு டீக்கன்மார் (சபையின் உதவி ஊழியர்கள்) வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். மனமுள்ளவர்கள் கொடுப்பதைத் தலைவரிடம் வைக்க, அவர் அதிலிருந்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் ஆகியோரைக் கவனிக்கிறார். வாரம் முழுதும் உழைத்துப் பெற்றது மேசைக்கு வருகிறது. மேசையிலிருந்து மீண்டும் ஊருக்குள் போகிறது. திருநெல்வேலிப் பக்கத்து அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் முட்டையும் கோழியும் ஆலயத்துக்கு வந்து ஏலம் போவதும், அசனப் பண்டிகையில் எல்லாரும் ஒரே பந்தியில் உண்பதும் இந்த ஒழுங்கின் உறவுகள்தாம்.

மிசோரம் சபைகளில் இது இன்னும் நேரடியாக நடக்கிறது. ‘பூஃபாய் தாம்’ என்ற கைப்பிடி அரிசி முறை 1910-இல் தொடங்கியது. உலையில் போடுமுன், சமைக்கும் ஒவ்வொரு வேளையும், ஒரு பிடி அரிசி தனியாக எடுத்துவைக்கப்படும். சேர்ந்த அரிசியைச் சபையார் வீடுவீடாக வந்து வாங்கிச் சென்று விற்று, அந்தப் பணத்தைச் சபைப் பணிக்குத் தருகிறார்கள். பணம் கையில் இல்லாத வீடும் கொடுக்கலாம். கொடுப்பது வருடத்துக்கு ஒருமுறை இல்லை, ஒவ்வொரு உலையிலும். அரிசி அளக்கும் கை எதுவோ, காணிக்கை எடுத்துவைக்கும் கையும் அதுதான்.